கரண்ட் மேல் பழி போட்டது போதும்

பாலையூற்று உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். ஆனால் உங்கள் பிள்ளைகளின் விடயம் என்பதால் கடைசி வரை வாசியுங்கள். கோபம் வந்தால் கமெண்டில் திட்டுங்கள், ஆனால் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

இந்தப் பகுதியில் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பேசித்தான் இதை எழுதுகிறோம். பாடசாலைகளில், பள்ளிவாசல்களில், வாசிகசாலைகளில், கடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம் இருக்கிறது: "அது கரண்ட் போய்ப் பழுதாகிட்டு சேர்." இந்த வசனத்தை இனி நாங்கள் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. கரண்ட் போகும் என்று தெரிந்துகொண்டே ஒரு பாதுகாப்பும் இல்லாமல் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தால், அதைக் கொன்றது கரண்ட் அல்ல. வைத்தவர்களின் அலட்சியம்.

முதலில் நாட்டு நிலைமையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 2016 மார்ச் 13, நாடு முழுக்க இருட்டு. 2020 ஆகஸ்ட் 17, கெரவலப்பிட்டியில் ஏற்பட்ட கோளாறு, மீண்டும் நாடு முழுக்க இருட்டு. 2021 டிசம்பர் 3. 2023 டிசம்பர் 9. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது என்று அமைச்சரே சொன்னார். பாணந்துறையில் குரங்கு பாய்ந்தால் பாலையூற்றில் மின்விசிறி நிற்கிறது. அதற்கு அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேரம் வீதம் மின்வெட்டு வேறு. நடுவில் 2022. அந்த ஆண்டு மார்ச் 31 இல் 13 மணி நேரம் வெட்டினார்களே, யாரால் மறக்க முடியும்? இவையெல்லாம் நாடு தழுவியவை. பருவமழைக் காற்றில் தென்னோலை விழுவதும், இடி மின்னலுக்கு டிரான்ஸ்ஃபோமர் போவதும், கம்பி திருத்த லைனை நிறுத்துவதும் தனிக் கணக்கு.

இப்படிப்பட்ட நாட்டில் "கரண்ட் போகும் என்று யாருக்குத் தெரியும்?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் எல்லா வீட்டிலும் மெழுகுதிரி ஒரே இடத்தில் இருக்கிறது.

இப்போது விடயத்துக்கு வருவோம். சின்னக் கணினிகள் நம்மைச் சுற்றி நிறைந்துவிட்டன. உள்ளங்கைக்குள் அடங்கும் ராஸ்பெரி பை பலகை 2012 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. பிள்ளைகள் மலிவாகக் கணினி கற்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. அதில் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, தமிழ் விக்கிப்பீடியாவையும் பாடங்களையும் ஒரு சின்ன மெமரி கார்டில் ஏற்றி வைத்தால், இன்டர்நெட் இல்லாமலேயே ஒரு வகுப்பறை முழுக்க வைஃபையில் வாசிக்கலாம். டேட்டா கார்ட் போட வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு நூலகம். மழைமானி, வெப்பநிலைப் பதிவு, தானாகத் தண்ணீர் ஊற்றும் தோட்டம் என்று தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகள் செய்யும் செயற்றிட்டங்களிலும் இதுதான். கடைகளின் சிசிடிவிப் பெட்டிக்குள்ளும், பள்ளிவாசலின் தொழுகை நேர டிஜிட்டல் கடிகாரத்துக்குள்ளும், வீட்டு ரவுட்டருக்குள்ளும் இருப்பது இதன் உறவுக்காரர்கள்தான்.

இவற்றில் சில கரண்ட் போனால் சாகின்றன, சில சாவதில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் அடுத்த முறை ஏமாறாமல் இருப்போம்.

ஒரு பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ கொப்பியைப் பிடுங்கினால் என்ன நடக்கும்? பாதி வரி எழுதியிருக்கும், மற்றப் பாதி இல்லை. ஆனால் பழைய பக்கங்கள் பத்திரம். மெமரி கார்ட் அப்படி அல்ல. அதன் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு எழுத்தை மட்டும் அழித்து எழுத முடியாது. ஒரு பெரிய கட்டையே மொத்தமாக அழித்துத்தான் மறுபடி எழுத வேண்டும். அதோடு, எந்தத் தரவு எந்த இடத்தில் இருக்கிறது என்று கார்ட் தனக்குள்ளே ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. அந்த அட்டவணையையும் அடிக்கடி மாற்றி எழுதிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால், எழுதிக்கொண்டிருந்த வரி மட்டுமல்ல, நாம் தொடவே தொடாத வேறு பக்கங்களும் காணாமல் போகலாம். பிடுங்கிய கொப்பியில் பொருளடக்கமே கிழிந்து போவது மாதிரி.

"லினக்ஸில் ஜேர்னல் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று விடயம் தெரிந்த தம்பிமார் கேட்பார்கள். ஜேர்னல் நல்லதுதான். கோப்பு முறைமையின் கணக்கு வழக்கு குழம்பாமல் அது காக்கும். ஆனால் கோப்புக்குள் இருக்கும் கடைசி நேரத் தரவு முழுவதையும் காப்பதாக அது வாக்குக் கொடுக்கவில்லை. கார்டின் உள் அட்டவணை கெட்டுப்போனால் ஜேர்னலால் ஒன்றும் செய்ய ஏலாது.

அடுத்தது, கரண்ட் முழுதாகப் போவதை விட மோசமானது பாதியாகப் போவது. வோல்டேஜ் மெல்லச் சரியும்போது மெஷின் சாகவும் இல்லை, உயிரோடும் இல்லை. ராஸ்பெரி பையில் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையில் மின்னல் அடையாளம் வரும். அதை எத்தனை பேர் "சும்மா வருகிறது" என்று விட்டுவிடுகிறார்கள்? மலிவு சார்ஜரையும் மெலிந்த வயரையும் போட்டு ஓட்டினால் கரண்ட் போகாமலேயே இந்தக் கோளாறு வரும். கொட்பே துறைமுகத்துப் படகுக்காரர்களிடம் கேளுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்டார்ட்டர் மோட்டர் பெட்டரியை உறிஞ்சி எடுக்கும். அதே பெட்டரியில் ஜீபிஎஸ்ஸையும் கொழுவியிருந்தால் அது அணைந்து மறுபடி எழும்பும். அதனால் விடயம் தெரிந்தவர்கள் அதற்கென்று தனிப் பெட்டரி வைக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர் அனுபவத்தில் கண்டுபிடித்ததை, திறப்பு விழாவுக்கு வருகிற பெரியவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

அர்டுயினோ போன்ற பலகைகள் வேறு இனம். அவற்றில் லினக்ஸ் இல்லை, எழுதிக்கொண்டே இருக்கும் கார்டும் இல்லை. பெரும்பாலும் பிளக்கைப் பிடுங்கினாலும் மறுபடி கொழுவினால் எழும்பிவிடும். ஆனால் அங்கும் ஒரு கண்ணி உண்டு. அர்டுயினோ ஊனோவின் சிப்பில் 1,024 பைட் நிரந்தர நினைவு இருக்கிறது. ஒரு பைட் எழுத ஏறத்தாழ 3.4 மில்லி விநாடி எடுக்கும். வோல்டேஜ் சரியும் நேரத்தில் எழுதினால் பிழையாக எழுதப்படலாம். அதற்காகவே வோல்டேஜ் குறைந்தால் சிப்பை நிறுத்திவைக்கும் காவல் சுற்று ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. செய்த கம்பனிக்காரனுக்கே கரண்ட் சரியும் என்று தெரிந்திருக்கிறது.

பள்ளிவாசல் கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை முறை கரண்ட் போனாலும், வந்தவுடன் சரியான நேரத்தைக் காட்டுகிறதே எப்படி? உள்ளே காசளவு பெட்டரி ஒன்று நேரச் சிப்பை மட்டும் உயிரோடு வைத்திருக்கிறது. பழைய ராஸ்பெரி பைகளில் அது கிடையாது. கரண்ட் வந்ததும், இன்டர்நெட் கிடைக்கும் வரை கடைசியாக ஞாபகம் வைத்த நேரத்திலிருந்துதான் அது எண்ணத் தொடங்கும். 2023 இல் வந்த ராஸ்பெரி பை 5 இல்தான் பலகையிலேயே நேரச் சிப்பும் அணைக்கும் ஆழியும் வந்தன. அதிலும் அந்தச் சின்னப் பெட்டரியை நாம்தான் தனியாக வாங்கிப் போட வேண்டும். இன்டர்நெட் இல்லாத வகுப்பறையில் மழையை அளந்த பிள்ளைகளின் அட்டவணையில் இரவு பகலாகி, செவ்வாய் திங்களாகும். அளந்தது சரி, எழுதிய நேரம் பிழை. அந்தப் பிள்ளையின் செயற்றிட்டத்துக்குப் புள்ளி போடுகிறவர் "தரவு நம்பகமானது அல்ல" என்று எழுதுவார். பிள்ளை என்ன குற்றம் செய்தது?

சரி, நமக்குச் சொல்லப்படும் சாட்டுகளுக்கு வருவோம்.

சாட்டு ஒன்று: "ஜெனரேட்டர் இருக்குதே." ஜெனரேட்டர் எழும்ப எத்தனை விநாடி? சின்னக் கணினி சாக ஒரு விநாடி கூடத் தேவையில்லை. ஜெனரேட்டர் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் உதவும். இடையில் வரும் அந்த இடைவெளியை அது நிரப்பாது.

சாட்டு இரண்டு: "கூரையில் சோலார் போட்டாச்சு." 2016 இல் தொடங்கிய சூரியபல சங்கிராமய திட்டத்துக்குப் பிறகு பல கூரைகளில் சோலார் வந்துவிட்டது, சந்தோசம். ஆனால் பெட்டரி இல்லாமல் மின்சார சபை லைனோடு இணைத்த சாதாரண சோலார், லைன் போனவுடன் தானும் நின்றுவிடும். அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்துகிற ஊழியருக்கு ஷொக் அடிக்கும். நண்பகல் வெயில் கொளுத்தும்போதும் உங்கள் பிளக்கில் கரண்ட் இருக்காது.

சாட்டு மூன்று: "சம்பூர் வந்தா எல்லாம் சரியாகிடும்." 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தை 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைத்தார்கள். வரட்டும், நம் மாவட்டத்துக்குப் பெருமைதான். ஆனால் 2025 பெப்ரவரி 9 இல் உற்பத்தி போதாமல் கரண்ட் போகவில்லை. கேள்வி குறைந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது. மின்சாரம் எவ்வளவு கூடினாலும் திடீரென்று நிற்பது நிற்கும்.

சாட்டு நான்கு: "போனுக்கு ஒண்டும் ஆகல்லயே." ஆகாதுதான். போனுக்குள் பெட்டரி இருக்கிறது. பெட்டரி குறைந்தால் போன் முதலில் எச்சரிக்கும், பிறகு தன்னைத்தானே ஒழுங்காக அணைத்துக்கொள்ளும். நாம் கேட்பதும் அதைத்தான். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் மெஷினுக்கு இருக்கிற பாதுகாப்பு, நாற்பது பிள்ளைகளுக்குப் பொதுவான மெஷினுக்கு ஏன் இல்லை?

சாட்டு ஐந்து: "யூபிஎஸ் வாங்கக் காசில்லை." இதற்குத்தான் எங்களுக்குக் கோபம் வருகிறது. பந்தலுக்குக் காசு இருந்தது. பெனருக்குக் காசு இருந்தது. அந்தப் பெனரில் மெஷினை விடப் பெரிதாக நன்கொடையாளரின் படம் இருந்தது. மாலைக்கும் பொன்னாடைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் சிற்றுண்டிக்கும் காசு இருந்தது. மெஷினை உயிரோடு வைத்திருக்கும் ஒரு செல்லுக்கு மட்டும் காசில்லை. கொடுக்கிற மனசை நாங்கள் குறை சொல்லவில்லை. வெளிநாட்டில் வியர்வை சிந்திய காசு அதில் இருக்கிறது என்று தெரியும். அந்த வியர்வை முதல் மின்வெட்டோடு குப்பைக்குப் போகக் கூடாது என்பதால்தான் சொல்கிறோம்.

எவ்வளவு பெரிய பெட்டரி வேண்டும்? சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளை போடுகிற கணக்கு இது. ராஸ்பெரி பை 5 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். ஒழுங்காக அணைய 30 விநாடி. ஐந்தை முப்பதால் பெருக்கினால் 150 ஜூல். டோர்ச் லைட்டுக்குப் போடும் 18650 லித்தியம் செல் ஒன்று, 2,600 மில்லி அம்பியர் மணி, 3.7 வோல்ட். அதில் இருப்பது 34,000 ஜூலுக்கு மேல். தேவையை விட இருநூறு மடங்குக்கும் அதிகம். ஒரே ஒரு செல். இந்தக் கணக்கை மேடையில் இருந்த யாரும் போடவில்லையா?

ஆனால் பெட்டரி மட்டும் போதாது. இந்த இடத்தில்தான் கடைக்காரரும் நம்மை ஏமாற்றுகிறார். யூபிஎஸ்ஸை விற்றுவிட்டு "இனிப் பயமில்லை" என்கிறார். யூபிஎஸ் சாவைத் தள்ளிப்போடும், தடுக்காது. இரவு பத்து மணிக்குக் கரண்ட் போகிறது, பாடசாலையில் யாரும் இல்லை, பெட்டரி தீர்கிறது, மெஷின் அதே மாதிரித் திடீரென்று சாகிறது. கரண்ட் போய்விட்டது என்று பெட்டரி மெஷினுக்குச் சொல்ல வேண்டும். மெஷின் அதைக் கேட்டுத் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் ஒரு வயர், அதைக் கேட்கும் சில வரி புரோகிராம், இரண்டும் இல்லாத யூபிஎஸ் அரைகுறை வேலை. பவர் பேங்க் வைத்தால் போதாதா என்றால், பலவற்றில் சார்ஜ் ஏறும்போதே வெளியே கரண்ட் கொடுக்கும் வசதி இல்லை. சில, கரண்ட் போய் வரும் கணத்தில் ஒருமுறை கண் சிமிட்டும். அந்தச் சிமிட்டல் போதும் மெஷினைக் கவிழ்க்க.

உலகத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய தரவு நிலையங்களுக்கான எஸ்எஸ்டி டிஸ்க்குகளுக்குள் கொதிகலம் போலக் கரண்டைச் சேமிக்கும் கொள்ளளவிகளை வரிசையாக வைக்கிறார்கள், கரண்ட் போனபின் கடைசி எழுத்தை எழுதி முடிக்க. பழைய ஹார்ட் டிஸ்க், கரண்ட் போனதும் சுழன்றுகொண்டிருக்கும் தன் தட்டின் வேகத்திலிருந்தே கரண்ட் எடுத்து, வாசிக்கும் முள்ளை ஓரமாக்கி வைத்துவிடும். சில நாடுகளில் வீட்டு ஸ்மார்ட் மீற்றர், கரண்ட் போன கணத்தில் மிச்சமிருக்கும் சொட்டுக் கரண்டை வைத்து "இங்கே கரண்ட் போய்விட்டது" என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு அணையும். கரண்ட் நிற்காத நாடுகளிலேயே இத்தனை ஏற்பாடு. நாம் குரங்கு பாய்ந்தால் இருண்டு போகிற நாட்டில் இருந்துகொண்டு வெறும் பிளக்கை நம்புகிறோம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயர் வைக்க வேண்டாம்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று. பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ சின்னக் கணினி கொடுக்க விரும்பும் பழைய மாணவர் சங்கங்கள், நலன்விரும்பிகள், வெளிநாட்டு உறவுகள் எல்லோரும், மெஷினின் விலையோடு பெட்டரிக்கும் செய்தி சொல்லும் சுற்றுக்கும் சேர்த்தே காசு ஒதுக்குங்கள். பத்து மெஷினுக்குக் காசு இருந்தால் எட்டு மெஷின் கொடுங்கள். எட்டும் உயிரோடு இருக்கும்.

இரண்டு. கார்டை வாசிக்க மட்டும் பூட்டிவையுங்கள். ராஸ்பெரி பையில் ஓவர்லே என்று ஒரு வசதி இருக்கிறது, காசு கொடுக்கத் தேவையில்லை. எழுதுவதெல்லாம் தற்காலிக நினைவில் நடக்கும், கார்டைத் தொடாது. நூலகமாக மட்டும் ஓடும் மெஷினுக்கு இது ஒன்றே பாதிப் பாதுகாப்பு. மழை அளவு மாதிரிச் சேமிக்க வேண்டிய தரவு இருந்தால் அதைத் தனி யூஎஸ்பியில் எழுதுங்கள். அது கெட்டாலும் மெஷின் எழும்பும்.

மூன்று. எல்லாம் சரியாக ஓடுகிற நாளில் கார்டுக்கு ஒரு பிரதி எடுத்து, அதிபரின் அலுமாரியில் வையுங்கள். கொழும்புக்கு அனுப்பி ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் மாற்றிப் போடலாம்.

நான்கு. பொறுப்பேற்கும் நாளில் நாடா வெட்டுவதற்கு முன் எல்லோர் முன்னிலையிலும் பிளக்கைப் பிடுங்குங்கள். மெஷின் தானாக ஒழுங்காக அணைகிறதா, கரண்ட் வந்ததும் எழும்புகிறதா, நேரம் சரியா என்று பாருங்கள். மூன்று முறை. அதில் தேறாத மெஷினுக்குப் பொன்னாடை வேண்டாம். பிறகு தவணைக்கு ஒருமுறை அதே சோதனை. பெட்டரி நிரந்தரமல்ல. நம் வெக்கையில் ஈய அமிலப் பெட்டரி சில வருடங்களில் செத்துவிடும். செத்த பெட்டரியோடு பச்சை லைட் எரிகிற யூபிஎஸ்கள் எத்தனை அலுவலகங்களில் தூசி பிடித்துக் கிடக்கின்றன!

ஐந்து. இந்த வேலையை வெளியார் வந்து செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். 2013 இலிருந்து உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. ஒரு செல், ஒரு சார்ஜ் பலகை, இரண்டு மின்தடை, இருபது வரி புரோகிராம். ஆசிரியர் பக்கத்தில் நின்றால் பிள்ளைகளே செய்வார்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: லித்தியம் செல்லைப் பாதுகாப்புச் சுற்று இல்லாமல் கொழுவக் கூடாது, வெயில் படும் யன்னலோரத்தில் வைக்கக் கூடாது.

சிலர் சொல்வார்கள், சேர், ஒரு சின்னப் பெட்டிக்கு இவ்வளவு பெரிய சண்டையா என்று. பெட்டிக்காக அல்ல. வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் வாப்பாவோடு வேலைக்குப் போய்விடும், அப்படிப்பட்ட வீட்டுப் பெண் பிள்ளைகள் பாடசாலை விட்ட பிறகு அரை மணி நேரம் இருந்து வாசித்துவிட்டுப் போன பெட்டி அது. அது செத்தால் வசதியுள்ள பிள்ளைக்கு ஒரு நட்டமும் இல்லை, அவனிடம் வேறு போன் இருக்கிறது. நட்டம் அவளுக்கு மட்டும்தான். அவள் முறைப்பாடு எழுதமாட்டாள், கூட்டத்தில் எழும்பிக் கேட்கமாட்டாள். நாளைக்கும் வந்து பார்ப்பாள், லைட் எரியாவிட்டால் பேசாமல் போய்விடுவாள். அவள் கேட்காததால்தான் எல்லோரும் "கரண்ட்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள்.

அடுத்த திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தால் போவோம். கதிரையில் உட்காருவோம், கை தட்டுவோம். பேச்செல்லாம் முடிந்ததும் எங்களில் ஒருவர் எழும்பி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: இப்போது பிளக்கைப் பிடுங்கலாமா? பதில் சொல்லத் தயாராகவே வாருங்கள். நீங்களும் உங்கள் பிள்ளையின் பாடசாலையில் அதே கேள்வியைக் கேளுங்கள். இந்தப் பதிவைப் பகிர வேண்டும் என்று கட்டாயமில்லை, கேள்வியைப் பகிருங்கள்.